போட்டி முறையும் அணித் தேர்வும்: தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டில் ஒரு நூற்றாண்டுச் சர்ச்சை

தமிழ்நாட்டுக் கிரிக்கெட் ரசிகர்களிடையே அணித் தேர்வு குறித்து நடக்கும் வாக்குவாதங்கள் பெரும்பாலும் ஆட்களைச் சுற்றியே சுழல்கின்றன. இன்னாரை ஏன் சேர்க்கவில்லை, இன்னாரை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள், தேர்வுக் குழுவில் இருப்பவர் எந்தக் கிளப்பைச் சேர்ந்தவர் என்ற கேள்விகள் சேப்பாக்கம் மாடங்களிலும் தேநீர்க் கடைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகின்றன. ஆனால் 1915 முதல் இன்று வரையிலான மாநில, கிளப் போட்டிகளின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தேர்வாளர்களின் விருப்பு வெறுப்பைக் காட்டிலும் போட்டிகள் எந்த முறையில் நடத்தப்பட்டன என்பதே யாருக்கு இடம் கிடைத்தது என்பதை அதிகம் முடிவு செய்திருக்கிறது என்பது தெரியவரும். போட்டி முறை என்பது இங்கே எத்தனை அணிகள், எந்தப் பிரிவில், எந்த மைதானத்தில், எத்தனை நாள் ஆடுகின்றன என்பதையும், ஆட்டம் முடிவின்றி நின்றால் யார் முன்னேறுவர் என்பதையும் சேர்த்துக் குறிக்கிறது. இந்த விதிகளை வகுப்போர் பெயர்ப் பட்டியலைத் தொடாமலேயே அதன் பாதியை எழுதிவிடுகின்றனர்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. இங்கிலாந்தின் கவுண்டி அணிகள் 2000ஆம் ஆண்டில் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டபோதும், ஐரோப்பிய ரக்பி கிளப்புகளின் முதன்மைக் கோப்பை 2014இல் 24 அணிகளிலிருந்து 20 அணிகளாகச் சுருக்கப்பட்டுப் புதிய பெயரில் தொடங்கியபோதும், எந்த ஆட்டக்காரர் எந்தத் தரத்தில் ஆடி நாட்டு அணிக்குப் போவார் என்ற கேள்வியே விவாதத்தின் அடியில் இருந்தது. தமிழ்நாட்டின் தனித்தன்மை, இங்கே இந்த விவாதம் முதலில் இனத்தையும், பிறகு வேலை கொடுத்த நிறுவனத்தையும், அதன்பின் மாவட்டத்தையும் பற்றிக்கொண்டு வளர்ந்தது என்பதாகும்.

சென்னையில் கிரிக்கெட்டின் முதல் நிறுவன வடிவம் 1846இல் தொடங்கப்பட்ட மதராஸ் கிரிக்கெட் கிளப். அது ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதற்கு மாற்றாக, பாரி நிறுவனத்தின் துபாஷி குடும்பத்தில் வளர்ந்த மோ. புச்சி பாபு நாயுடு 1888இல் இந்தியருக்கென மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். துபாஷி என்பவர் ஐரோப்பிய வணிக நிறுவனத்துக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று பேசி முடிக்கும் இடையாளர். அந்தப் பொறுப்பு தந்த செல்வமும் செல்வாக்குமே இத்தகைய கிளப்பை நடத்தும் வசதியைக் கொடுத்தன. புச்சி பாபு 1908இல் மறைந்தார் எனினும், அவர் தொடங்கிவைத்த முயற்சியிலிருந்தே ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் மாகாண ஆட்டம் பிறந்தது. 1915 முதல் 1952 வரை பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த இந்த ஆட்டம் நகரத்தின் ஆண்டுத் திருவிழாக்களில் ஒன்றாகவே கருதப்பட்டது.

ஆனால் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மாகாணத்தில் வாழ்ந்த சிறிய ஐரோப்பியச் சமூகம்; மறுபக்கம் மாகாணத்தின் அத்தனை இந்திய ஆட்டக்காரர்களும். இரு பக்கத்திலும் பதினோரு இடங்கள்தாம். நிறுவன அலுவலகத்திலோ அரசுப் பணியிலோ இருந்த ஓர் ஐரோப்பியர் நடுத்தரமாக ஆடினாலும் முதல்தர ஆட்டத்தில் இடம்பெற முடிந்தது. இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த வாய்ப்புக்காகப் பலரோடு போட்டியிட வேண்டியிருந்தது. பம்பாயில் மத அடிப்படையில் அணி பிரித்து ஆடிய ஐந்தணிப் போட்டி 1946இல் கடும் எதிர்ப்புக்கிடையே நின்றுபோனது. சென்னையின் மாகாண ஆட்டமோ, விடுதலைக்குப் பிறகு அணியை நிரப்பப் போதிய ஐரோப்பியர் இல்லாமற்போனதால் ஓசையின்றி முடிந்தது. கொள்கைக் காரணத்தால் நிறுத்தப்பட்டதற்கும் ஆளில்லாமல் நின்றதற்கும் உள்ள வேறுபாடு சென்னைக் கிரிக்கெட்டின் மனப்போக்கைச் சற்றே காட்டிக்கொடுக்கிறது.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் சேப்பாக்கத்திலேயே, 1934 நவம்பர் 4 அன்று மதராஸ், மைசூர் அணிகளுக்கிடையே நடந்தது. முதல் பந்தை எம்.ஜே. கோபாலன் வீசினார். மைசூர் 48 ரன்னுக்கும் 59 ரன்னுக்கும் சுருண்டது, மதராஸ் எடுத்த 130 ரன் ஓர் இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் வெல்லப் போதுமானதாக இருந்தது, ஏ.ஜி. ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த நாளின் நாயகர்கள் இருவரின் பிற்கால வாழ்க்கையும் தேர்வு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ராம் சிங் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடவில்லை. அவருடைய மகன்களான கிருபால் சிங்கும் மில்கா சிங்குமே அந்த இடத்தை அடைந்தனர். கோபாலன் ஹாக்கியிலும் இந்திய அணித் தரத்தில் இருந்தவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வாய்ப்பை விட்டுக் கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து சென்ற அவருக்கு அங்கே ஒரு டெஸ்டிலும் இடம் தரப்படவில்லை; ஹாக்கி அணியோ தங்கத்துடன் திரும்பியது. தேர்வு பற்றிய தமிழ்நாட்டு மனக்குறைகளில் காலத்தால் மூத்தது இதுவாகவே இருக்கும்.

தொடக்ககால ரஞ்சிப் போட்டி நாக்-அவுட் முறையில், அதாவது தோற்ற அணி உடனே வெளியேறும் முறையில் நடந்தது. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, தென் மண்டலத்தில் வென்ற அணி மற்ற மண்டலத்தாரைச் சந்தித்தது. இம்முறையில் ஒரு தோல்வி ஓர் ஆண்டையே முடித்துவிடும் என்பதால், புதிய ஆளை இறக்கிப் பார்க்கும் துணிவு தேர்வாளர்களுக்கு இயல்பாகவே குறைவாக இருந்தது. பாலு அழகண்ணன் தலைமையில் 1954-55இல் இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்னில் வென்று மதராஸ் முதன்முறை கோப்பையைக் கைப்பற்றியதும் இக்காலத்தில்தான். 1957-58இல் மண்டலத்துக்குள் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஆடும் லீக் முறை வந்தது. மதராஸ், மைசூர், ஐதராபாத், ஆந்திரம், கேரளம் என்ற ஐந்து அணிகளிடையே ஆளுக்கு நான்கு ஆட்டங்கள் உறுதியாயின; ஒரு தோல்விக்குப் பின்னும் ஒருவரைத் தொடர்ந்து ஆடவைக்கும் இடம் அப்போதுதான் உருவானது.

லீக் முறை ஒரு கதவைத் திறந்ததென்றால், மண்டல முறை மற்றொன்றை மூடியே வைத்திருந்தது. 1961-62இல் தொடங்கிய துலீப் கோப்பையில் ஐந்து மண்டல அணிகள் மோதின. இந்திய அணிக்குப் போகும் பாதை பெரிதும் அதன் வழியே சென்றது. தென் மண்டலத்துக்கு நேர்ந்த சிக்கல் செழிப்பால் வந்த சிக்கல். மைசூரிலிருந்து பிரசன்னாவும் சந்திரசேகரும், மதராஸிலிருந்து வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் ஒரே காலத்தில் சுழற்பந்து வீச, ஒரே அணியில் நால்வருக்கும் இடம் தருவது எந்தத் தலைவராலும் ஆகாத காரியம். பிரசன்னாவும் வெங்கட்ராகவனும் ஒரே வகைச் சுழற்பந்து வீச்சாளர்கள் என்பதால் இருவரில் யார் என்ற வாதம் பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே பல ஆண்டுகள் ஓயாமல் நடந்தது. முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்த குமாருக்குக் கிடைத்தவை இரண்டே டெஸ்ட்கள். நால்வரும் வெவ்வேறு மண்டலங்களில் பிறந்திருந்தால் இந்த வாதம் எழுந்தே இருக்காது.

அதே சுழற்பந்துச் செழிப்பு தமிழ்நாட்டுக்கே எதிராகத் திரும்பிய ஆட்டம் 1972-73 இறுதிப் போட்டி. சேப்பாக்கத்தில் பந்து முதல் நாளிலிருந்தே திரும்பியது. வெங்கட்ராகவனும் குமாரும் இருக்கும் அணிக்கு இதைவிட ஏற்ற தரை வேண்டுமா என்று ரசிகர்கள் கருதியிருக்கக்கூடும். பம்பாய் 151 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. பதிலுக்குத் தமிழ்நாடு எடுத்தது 80. பம்பாயின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பத்மாகர் சிவால்கர் 16 ரன்னுக்கு 8 விக்கெட் சாய்த்தார். பம்பாய் இரண்டாம் முறை 113 எடுக்க, தமிழ்நாடு 61 ரன்னுக்கு அடங்கியது; இம்முறை சிவால்கருக்கு 18 ரன்னுக்கு 5 விக்கெட். மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே கடைசி விக்கெட் விழ, ஐந்து நாளுக்கெனத் திட்டமிடப்பட்ட இறுதிப் போட்டி இரண்டு நாளும் ஒரு பந்துமாக முடிந்தது. சொந்த மண்ணில் ஆடுவது என்பது தேர்வை எளிதாக்கும் சலுகையா, எதிரணிக்கும் ஆயுதம் தரும் ஆபத்தா என்ற கேள்வி அன்றிலிருந்து தமிழ்நாட்டு ஆடுகள விவாதங்களை விட்டு அகலவில்லை.

மாநில அணிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது சென்னை லீக். 1930களின் தொடக்கத்தில் வடிவம் பெற்ற இந்தக் கிளப் போட்டி டிவிஷன்களாக, அதாவது மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட பிரிவுகளாக நடக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் சில அணிகள் ஏறுகின்றன, சில இறங்குகின்றன. முதல் டிவிஷன் அணிகள் பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்காக ஆடுகின்றன. விடுதலைக்குப் பின் இந்த லீக்கைத் தாங்கியவை தொழில் நிறுவனங்கள். இந்தியா பிஸ்டன்ஸ், பாரி, பாரத ஸ்டேட் வங்கி, தென்னக ரயில்வே எனப் பெயர்கள் நீளும். பழைய கிளப்பான ஜாலி ரோவர்ஸைச் சன்மார் குழுமம் ஏற்று நடத்தியது. இந்தியா சிமெண்ட்ஸ் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைப் பேணியது. சென்னையின் மேற்குப் புறநகர் ஆலைப் பகுதியாக மாறிய காலமும் இதுவே. அம்பத்தூரில் மிதிவண்டி ஆலை அமைத்த முருகப்பா குழுமத்தின் பெயரைத் தாங்கிய திருநின்றவூர் மைதானம் லீக் ஆட்டங்களுக்குப் பழகிய களமாயிற்று.

இந்த முறையின் பயனை மறுக்க இயலாது. மதியம் வரை அலுவலகம், அதன்பின் வலைப்பயிற்சி என்ற ஏற்பாடு, நிலையான சம்பளமின்றி ஆட்டத்தை விட்டுப் போயிருக்கக்கூடிய நடுத்தரக் குடும்பத்து இளைஞர் பலரைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆட்டத்தில் நிறுத்திவைத்தது. ஆனால் வேலையும் அணியும் ஒன்றானபோது, அணித் தேர்வு ஒருவகையில் பணி நியமனமாகவும் ஆனது. முதல் டிவிஷனில் ஆடாதவருக்கு மாநில அணி எட்டாக்கனி என்பதும், முதல் டிவிஷனில் ஆட நகரத்து நிறுவனம் ஒன்றின் தயவு வேண்டும் என்பதும் எழுதப்படாத விதியாயின. வெளிமாநில ஆட்டக்காரர்களையும் நிறுவனங்கள் அழைத்து ஆடவைத்ததால் லீக்கின் தரம் உயர்ந்தது. உள்ளூர் இளைஞரின் இடமும் அந்த அளவுக்குச் சுருங்கியது. இவ்விரண்டில் எதை முதன்மையாகக் கொள்வது என்பதில் சென்னை ரசிகர்கள் இன்னும் இரண்டு கட்சியாகவே இருக்கின்றனர்.

புறநகர் இளைஞரின் நிலை இதில் நூதனமானது. பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் வளரும் ஒருவருக்குச் சேப்பாக்கம் நகரப் பேருந்தில் எட்டும் தொலைவில் இருந்தாலும், அவர் ஊர் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்திலும் 1997இல் புதிய மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்குகிறது. எனவே அவர் முன் இரண்டு பாதைகள் உண்டு: நகரத்துக்குள் நுழைந்து லீக்கின் கடைசி டிவிஷனிலிருந்து ஏறுவது, அல்லது மாவட்டச் சங்கத்தின் வழியே மாவட்டங்களுக்கிடையிலான போட்டியில் ஆடுவது. முதல் பாதையில் அவர் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பையன்களோடும் நிறுவனங்களின் சம்பள ஆட்டக்காரர்களோடும் போட்டியிட வேண்டும். இரண்டாவதில் தேர்வாளர்களின் கண்ணில் படும் ஆட்டங்கள் சொற்பம். சேலம், திருநெல்வேலி இளைஞருக்குத் தொலைவு தடையாக இருந்தது. இவருக்கோ நகரத்தின் வாசலிலேயே இருந்தும் நகரத்தவராக எண்ணப்படாத நிலை.

இந்த அடைப்பை உடைத்தது 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக். எட்டு அணிகள் ஊர்ப் பெயர்களைத் தாங்கிவர, ஆட்டங்கள் சென்னையோடு திண்டுக்கல் அருகே நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நடத்தப்பட்டுத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயின. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த த. நடராஜன் கீழ் டிவிஷனிலிருந்து ஏறி 2015 ஜனவரியில் ரஞ்சியில் அறிமுகமானவர். பந்துவீச்சு முறை குறித்த ஐயத்தால் தடைப்பட்டு, அதைத் திருத்திக்கொண்டு மீண்டவர். இந்த லீக்கில் கடைசி ஓவர்களில் அவர் வீசிய யார்க்கர்களே 2017இல் ஐபிஎல் ஏலத்தில் மூன்று கோடி ரூபாயாக மாறின. கட்டடக் கலை படித்த வருண் சக்கரவர்த்தியின் ஏற்றம் இன்னும் வேகமானது. நான்காம் டிவிஷன் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர், 2018இல் மதுரை அணிக்காகச் சில வாரங்கள் வீசி, அந்த ஆண்டு இறுதியிலேயே 8.4 கோடி ரூபாய்க்கு ஏலம் போனார். பழைய முறையில் நான்காம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனை அடையவே பல பருவங்கள் ஆகும். 2023இல் ஆட்டக்காரர்களுக்கு ஏல முறை வந்தபோது சாய் சுதர்சனை 21.6 லட்சம் ரூபாய்க்குக் கோவை அணி வாங்கியது. அப்போது ஐபிஎல்லில் அவர் பெற்ற தொகை 20 லட்சம் மட்டுமே.

ஊர்ப் பெயர் கொண்ட அணி ஊரின் அணி ஆகிவிடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் திருவள்ளூர் வீரன்ஸ் என்ற அணி இருந்தது. மேற்குப் புறநகரத்தார் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே அணி அது. இரண்டு பருவங்களுக்குப் பிறகு அது காஞ்சி வீரன்ஸ் ஆயிற்று. அதுவரை காஞ்சியின் பெயரில் இருந்த வாரியர்ஸ் அணி திருச்சிக்குப் போயிற்று. உரிமையாளர் பெயரை மாற்றினால் ஊர் மாறும். ரசிகர் மாறுவாரா என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்கிடையே ரஞ்சிப் போட்டியின் உருவமும் பலமுறை மாறியது. எஸ். வாசுதேவன் தலைமையில் 1987-88 இறுதிப் போட்டியில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றதே தமிழ்நாட்டின் இரண்டாவதும் இதுவரையிலான கடைசியுமான ரஞ்சி வெற்றி. 2002-03இல் மண்டலங்கள் கைவிடப்பட்டு, வலுவான அணிகளுக்கு எலைட், மற்றவற்றுக்குப் பிளேட் என இரு தட்டுகள் வந்தன. தட்டு முறையின் நோக்கம் சமமானோர் மோதுவது. ஆனால் பிளேட் பிரிவிலிருந்து எழுந்த ராஜஸ்தான் 2010-11இல் கோப்பையை வென்றதோடு அடுத்த ஆண்டும் அதைத் தக்கவைத்தது. அந்த இரண்டாம் வெற்றி தமிழ்நாட்டுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில், 2012 ஜனவரியில் கிடைத்தது. டாஸ் வென்று ஆடிய ராஜஸ்தான் 621 ரன் குவிக்க, தமிழ்நாடு 295இல் நின்றது. முடிவில்லாமல் முடிந்த ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணிக்கே கோப்பை என்ற விதி மிச்ச வேலையைச் செய்தது. உயிரற்ற ஆடுகளமும் இந்த விதியும் சேரும்போது விக்கெட் எடுப்பவரைவிட நின்று ஆடுபவருக்கே மதிப்பு கூடுகிறது. அந்தத் தோல்விக்குப் பின் தேர்வுக் குழு மீது வீசப்பட்ட பழியில் ஒரு பங்கையாவது விதிப் புத்தகத்தின் மேல் வைத்திருக்கலாம்.

வலுவற்ற அணிகளோடு மோதவைக்கும் முறை எத்தகைய எண்களைத் தரும் என்பதற்கு 2022 நவம்பர் 21 சான்று. வடகிழக்கு மாநிலங்கள் உள்ளிட்ட ஒன்பது புதிய அணிகள் 2018-19இல் உள்நாட்டுப் போட்டிகளில் சேர்க்கப்பட்டிருந்தன. விஜய் ஹசாரே ஒருநாள் கோப்பையில் அவை பழைய அணிகளோடு ஒரே பிரிவில் கலந்து ஆடியதால், பெங்களூரில் தமிழ்நாடும் அருணாசலப் பிரதேசமும் எதிர்ப்பட்டன. ந. ஜெகதீசன் 141 பந்தில் 277 ரன் எடுத்தார்; அவரும் 154 ரன் எடுத்த சாய் சுதர்சனும் முதல் விக்கெட்டுக்கு 416 ரன் சேர்த்தனர். இரண்டு விக்கெட்டுக்கு 506 என்ற அணியின் எண்ணிக்கையும் ஜெகதீசனின் எண்ணிக்கையும் அன்று உலகச் சாதனைகள். அருணாசலம் 71 ரன்னில் ஆட்டமிழந்து 435 ரன்னில் தோற்றது. அது ஜெகதீசனுக்குத் தொடர்ந்து ஐந்தாவது சதம் என்பதால் அவருடைய திறமையை ஐயுற ஒன்றுமில்லை. ஆயினும் இந்த 277ஐத் தேர்வாளர் எத்தனை ரன்னாகக் கணக்கிட வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. அவருடைய ரசிகர்கள் இது அநியாயம் என்றனர். எதிரணியைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லையே என்ற அவர்கள் வாதத்தில் நியாயமும் உண்டு.

இருபது ஓவர் ஆட்டத்துக்கான சையத் முஷ்டாக் அலி கோப்பையைத் தமிழ்நாடு மூன்று முறை வென்றிருக்கிறது. 2021 நவம்பரில் கர்நாடகத்துக்கு எதிரான இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட்டபோது ஷாருக் கான் சிக்சர் அடித்து வென்றது பலருக்கும் நினைவிருக்கும். குறுகிய ஆட்டங்களில் வெற்றியும் நான்கு நாள் ஆட்டத்தில் வறட்சியும் ஒருங்கே நிலவுவதால், பிரீமியர் லீக்கே ரஞ்சி அணியைக் கெடுத்தது என்ற குற்றச்சாட்டு வலுவாக முன்வைக்கப்படுகிறது. அதை முழுதாக ஏற்பதற்கில்லை. வறட்சி தொடங்கியது 1988இல். பிரீமியர் லீக் வந்தது இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து. ஆனால் நீண்ட ஆட்டத்துக்கான ஆளை எங்கே கண்டெடுப்பது என்ற கேள்வி உண்மையானது என்பதை மாநிலச் சங்கமே உணர்ந்திருக்கிறது. புச்சி பாபுவின் பெயரில் முன்பு நடந்து வழக்கொழிந்திருந்த நீண்ட ஆட்டப் போட்டியை 2023இல் பல மாநில அணிகளுடன் மீண்டும் தொடங்கி, தன் பெயரில் இரண்டு அணிகளை இறக்கியது அதற்குச் சான்று.

2023-24 பருவம் இந்த இழைகள் பலவற்றையும் ஒரே முடிச்சில் கொண்டுவந்தது. சாய் கிஷோர் தலைமையில் தமிழ்நாடு கோவையில், சுழலுக்கு உதவும் தரையில், நடப்புச் சாம்பியனான சௌராஷ்டிரத்தை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்று அரையிறுதிக்குச் சென்றது. மும்பையில் நடந்த அரையிறுதிக்கு, இந்திய அணியிலிருந்து விடுவிக்கப்பட்ட வாஷிங்டன் சுந்தர் நேரே வந்து சேர்ந்தார். பசுமையாக இருந்த ஆடுகளத்தில் டாஸ் வென்று முதலில் ஆடிய தமிழ்நாடு 146இலும், இரண்டாம் முறை 162இலும் ஆட்டமிழந்தது. 106 ரன்னுக்கு 7 விக்கெட் இழந்திருந்த மும்பை, ஷர்துல் தாக்கூரின் சதத்தால் 378ஐ எட்டி இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசத்தில் வென்றது. முதல் நாள் காலையிலேயே ஆட்டம் கைநழுவியது என்ற பொருளில் பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி வெளிப்படையாகப் பேச, தலைவரை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று தினேஷ் கார்த்திக் கண்டித்தார். விவாதம் டாஸைப் பற்றியதாகவே கரைந்தது. சுழலை நம்பிப் பல வாரம் வளர்த்த அணியை ஒரே ஆட்டத்துக்காக வேகப்பந்துக்கு உகந்த தரையில் நிறுத்திய நாக்-அவுட் முறையைப் பற்றிப் பேசியவர் குறைவு. எல்லா ஆட்டங்களையும் பொது மைதானங்களில் நடத்தி இதற்குத் தீர்வு காண இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2016-17இல் முயன்றது உண்மையே. பார்வையாளரின்றி வெறிச்சோடிய மைதானங்களோடு அந்த முயற்சி ஒரே பருவத்தில் கைவிடப்பட்டது.

2024-25 முதல் ரஞ்சிப் பருவமே இரண்டாக வெட்டப்பட்டு, நடுவில் இருபது ஓவர், ஒருநாள் போட்டிகள் செருகப்பட்டுள்ளன. வட இந்தியப் பனிமூட்டத்தைத் தவிர்ப்பதே சொல்லப்படும் காரணம். விளைவு வேறு: அக்டோபரில் நான்கு நாள் ஆட்டத்தில் சதம் அடித்த ஒருவர் ஜனவரியில் அதே அணிக்குத் திரும்பும்போது, இடையில் நடந்த குறுகிய ஆட்டங்களில் அவர் எப்படி ஆடினார் என்பதும், இந்திய அணியிலிருந்து யார் அப்போது ஓய்வாக இருக்கிறார்கள் என்பதும் அவருடைய இடத்தை முடிவு செய்கின்றன. பல ஆண்டுகள் தமிழ்நாட்டுக்கு ஆடிய விஜய் சங்கர் 2025-26 பருவத்துக்கு முன் திரிபுராவுக்கு மாறியபோது, ரசிகர்களில் ஒரு சாரார் தேர்வாளர்களையும் மற்றொரு சாரார் அவரையும் குறை கூறினர். தட்டு முறை விரிந்து, ஒவ்வொரு சிறு மாநிலத்துக்கும் ஓர் அணி உண்டான பிறகு, தமிழ்நாட்டில் இடம் தேடி நிற்பவருக்கு திரிபுராவின் அகர்தலாவில் இடம் இருக்கிறது என்பதே அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியது. 1960களில் வி.வி. குமாருக்கு அப்படியொரு வழி எளிதாக இருந்ததில்லை.